ஹைப்போ இல்லாத படம்

கன்னாதிட்டியில் யோகரத்தினத்தாரின் பட்டறை.
ஒற்றைக் கொலுசைத் தராசில் வைத்தேன்.
மற்றது எங்கே என்று அவர் கேட்கவில்லை.
அமிலத்தைப் பற்றித்தான் கேட்டார்:
"என்னத்துக்குப் பிள்ளை?"
"படம் பிடிக்க."
"ஏன், போன் பழுதோ?"

கதவைத் திறந்துவிட்டு
மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு
கண்ணாடிக் கோப்பைக்குள் இறக்கினோம்.
கபில நிறத்தில் புகை வந்தது.
சங்கிலி முதலில் போனது.
ஒரு மணி மட்டும் நெடுநேரம்
கரையமாட்டேன் என்று அடியில் உருண்டது.

தாள் நிலக்சனாவுடையது.
பழஞ்சாரங்களைக் கிழித்து, சோடாவில் அவித்து,
தோசைமா கிரைண்டரில் அரைத்து
நுளம்புவலைச் சட்டத்தால் அள்ளி எடுப்பாள்.
சில தாள்களில் நீலக்கோடு ஒன்று
அரைபடாமல் கிடக்கும்.
எடுத்துவிடாதே என்பேன்.
அவர்கள் வீட்டில் இரண்டு மாதமாகக் கடைத்தோசைதான்.

உப்பு கரணவாயிலிருந்து, மண்ணோடு.
கடை உப்பில் அயடீன். அதில் படம் மஞ்சளித்துப்போகிறது.
வெயிலுக்கு மட்டும்
இந்த ஊரில் யாரும் காசு கேட்பதில்லை.

தேர்தலன்று
பத்து விரலும் கறுத்து வரிசையில் நின்றேன்.
"ஏற்கனவே போட்டிட்டியளோ?"
சின்னிவிரலைப் பிடித்தபடி அலுவலர்.
உங்கள் போத்தலுக்குள் இருப்பதும் வெள்ளிதான், ஐயா,
கொலுசைக் கரைத்தாலும் இந்த நிறம்தான் வரும் என்று
விளங்கப்படுத்தத் தொடங்கினேன்.
பின்னால் ஆட்கள் முணுமுணுத்தார்கள்.
மேலதிகாரி வந்து
என் பெயரை மூன்று தரம் வாசித்தார்.

கமரா இல்லாமல்தான் செய்கிறோம்.
வெளிச்சம் ஊடுருவிப் போகும் எதையும் கொண்டுவாருங்கள் என்று
மீன் சந்தைச் சுவரில் ஒட்டியிருந்தோம்.
தங்கூசி வலை வந்தது.
காய்ந்த சாலை மீனின் செட்டை வந்தது.
யாரோ ஒரு பிள்ளை
வெறும் கையைக் கொண்டுவந்து தாளின்மேல் வைத்துவிட்டு
ஐந்து நிமிடத்தில் அலுத்து ஓடிப்போனது.

பாசையூர் மரியசீலன் கொண்டுவந்தது
எக்ஸ்ரே.
பெரிய உறை, மூலையில் ஆஸ்பத்திரி முத்திரை.
வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார்.
வலது இடுப்பெலும்புக்கு அருகில்
புளியங்கொட்டை அளவில்
ஒரு வெளிச்சம்.
"செல் துண்டு. எடுக்கேலாது எண்டிட்டினம்.
இப்ப எனக்கும் அதுக்கும் பழக்கம்."

தண்ணீர்த் தாங்கியின்மேல் தாளை வைத்து
அதன்மேல் இடுப்பை வைத்து
அதன்மேல் கண்ணாடி.
பதினொன்றே காலிலிருந்து பன்னிரண்டரை வரை
அவர் காகம் விரட்டினார்.
வெள்ளை ஊதாவாகி
ஊதா மண்நிறமாகி
எலும்பு மெல்ல மேலே வந்தது.
வெளிச்சமாயிருந்த துண்டுதான்
தாளில் எல்லாவற்றையும்விடக் கறுப்பு.

கொழும்பிலிருந்து ஹைப்போ வரவில்லை.
ஹைப்போ இல்லாவிட்டால் படம் நிற்காது.
உப்புத்தண்ணீரில் ஊறவைத்தால்
கொஞ்சக்காலம் தவணை கேட்கலாம், அவ்வளவுதான்.
ஒவ்வொரு வெளிச்சத்துக்கும்
அது கொஞ்சம் கொஞ்சமாய்க் கறுத்துக்கொண்டே இருக்கும்.

சைக்கிள் கடையின் மேல்மாடியில் கண்காட்சி.
படங்களுக்குமேல் கறுப்புத்துணி.
தூக்கிப் பாருங்கள், பத்து எண்ணுங்கள்,
விட்டுவிடுங்கள்.
கம்பஸிலிருந்து வந்த ஒருவர்
"மறதியை எவ்வளவு நுட்பமாய்..." என்றார்.
தலையாட்டினேன்.
ஹைப்போ அன்று காலைதான் வந்திருந்தது.
பார்சல் பிரிக்காமல் என் பையில் கிடந்தது.

மரியசீலன் துணியைத் தூக்கினார்.
பத்துக்குப் பிறகும் விடவில்லை.
பதினெட்டு, பத்தொன்பது.
"இன்னும் கறுத்தா இது தெரியாதெல்லோ?"
"ஓம். கொஞ்ச நாளிலை எல்லாம் ஒரே நிறம்."
"அப்ப ஏன் மூடி வைக்கிறியள்?"

பையை நான் தொடவில்லை.
துணியைக் கழற்றி மடித்து நிலக்சனாவிடம் கொடுத்தார்.
ஜன்னல் கொக்கி இறுகியிருந்தது. தட்டித் திறந்தார்.
நாலு மணி வெயில் சுவரில் ஏறிற்று.
பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்து
படத்துக்கு முன்னால் போட்டு
மெல்ல இருந்தார்,
எப்போதும்போல
இடப்பக்கம் சாய்ந்து.